அறுவை முடிந்த மறுநாள்

(பெண்ணாடத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் கண்டு, அதற்காக வயிற்றைத் திறந்து பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரை, மறுநாள் காலையிலேயே கட்டிலிலிருந்து எழுப்பி நாலு அடி நடக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது, அதைக் கேட்டு முதலில் திடுக்கிடுகிறவர் பெரும்பாலும் நோயாளியைவிட அவர் அருகே இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருந்த உறவினர்தாம். "பச்சை உடம்பு சிஸ்டர், இன்னைக்கே நடக்க வைக்கிறீங்களே, தையல் பிரிஞ்சிடாதா?" என்று தாயோ மனைவியோ மகனோ கேட்கும் அந்தக் கேள்வியில் இருக்கும் பாசத்தை நான் ஒருநாளும் குறைவாக எண்ணியதில்லை. ஆயினும் மருத்துவத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் பாசமே நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போட்டு, அறுவையைக் காட்டிலும் பெரிய அபாயங்களுக்கு அவரை ஆளாக்குவதையும் வார்டுகளில் நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். ஆகையால் இன்று நோயாளிகளைவிட, நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களாகிய உங்களிடம் பேசவே நான் விரும்பி வந்தேன்.

பெண்ணாடத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் இத்தகைய நோய் கண்டவர்கள் போய்ச் சேருகிற இடங்களை நீங்கள் அறிவீர்கள். சிதம்பரத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தோன்றி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குவது ஒன்று. புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மற்றொன்று. சிலர் திருச்சிக்கும், இங்கே நிற்கும் ரயிலைப் பிடித்துச் சென்னைக்கும் செல்வர். எங்கே போனாலும் நோயாளியோடு ஓர் உறவினர் தங்குகிறார். சுகாதாரப் பணியாளர் எத்தனை பேர் இருந்தாலும், இரவும் பகலும் அவரைத் தொட்டுத் தூக்கி, வாய் துடைத்து, தண்ணீர் அளந்து கொடுப்பது அந்த ஒருவர்தான். அவர் மனத்தில் அச்சம் இருந்தால் எந்த டாக்டரின் உத்தரவும் கட்டிலுக்கு அப்பால் ஓர் அடி கூட நகராது.

ஜீரண உறுப்புகளில் வரும் புற்றுநோய் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை காண வேண்டும் என்று விரதம் பூண்டதற்குக் காரணமாக இருந்தது, சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்ட மலக்குடல் புற்றுநோய்க்குத் தம் தங்கையை அவர் பறிகொடுத்த துயரமே. அந்தத் துயரத்திலிருந்து எழுந்த அடையாறு நிலையம் 1954இல் பன்னிரண்டே படுக்கைகளோடு தொடங்கிற்று. பேரறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டு திரும்பி, 1969 பிப்ரவரி 3இல் மறைந்தது இந்த மாநிலமே கண்ணீர் வடித்த நிகழ்ச்சி. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் இரைப்பைப் புற்றுநோய் ஆண்களிடையே நெடுங்காலம் முன்வரிசையில் நின்றது. பிற்காலத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பேராசிரியர் ரங்கபாஷ்யம் போன்றோர் இரைப்பை, குடல் அறுவைக்கென்றே தனித்துறையை வளர்த்தனர். முன்பு அறுவை மேடைக்கே வராமல் மடிந்தவர்கள் இப்போது அறுவை முடிந்து பிழைத்தெழுகிறார்கள். ஆகவே, பிழைத்தவர் எப்படித் தேறுவது என்னும் கேள்வி நம் காலத்தில் பெரிதாகியிருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பழைய காலம் தந்த விடையை முதலில் பார்ப்போம். 1881 ஜனவரி 29ஆம் நாள் வியன்னா நகரில் பில்ரோத் என்னும் பேராசிரியர், ஓர் அம்மையாரின் புற்று வளர்ந்திருந்த இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்து நீக்கி, எஞ்சியதைக் குடலோடு இணைத்தார். அந்த அம்மையார் அறுவையிலிருந்து மீண்டு ஏறத்தாழ நான்கு மாதம் உயிரோடிருந்தார்; உலகமே வியந்தது. அந்தக் காலத்திலும், அதற்குப் பின் அரை நூற்றாண்டுக் காலமும், வயிறு திறக்கப்பட்டவர் வாரக்கணக்கில் அசையாது மல்லாந்து கிடக்க வேண்டும் என்பது ஆசாரியர்களின் தீர்ப்பாக இருந்தது. தையல் நூலும் தொற்றைத் தடுக்கும் முறைகளும் பலவீனமாயிருந்த காலத்து அச்சம் அது. அச்சத்துக்குக் காரணமாயிருந்தவை ஒவ்வொன்றாக மறைந்த பின்னும் அச்சம் மட்டும் வழக்கமாக நின்றுவிட்டது.

அந்த வழக்கத்தை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் சிகாகோ நகரத்து எமில் ரீஸ். அறுவை முடிந்த பெண்களை ஓரிரு நாளிலேயே எழுப்பி நடமாட விட்டதையும், அவர்கள் விரைவில் தேறியதையும் அவர் 1899இல் எழுதினார். எழுதியதோடு சரி, கேட்பார் இல்லை. டிட்ராய்ட் நகரத்து லைத்தாசர் நாற்பதுகளில் அதே உண்மையைப் புத்தகமாகவே எழுதி நிலைநாட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் காயம்பட்டோர் வந்து குவிய, படுக்கைகளும் தாதியரும் போதாமற்போன நெருக்கடியும் அவருடைய கட்சிக்குத் துணை நின்றது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர், படுக்கையில் கிடத்தி வைப்பதன் ஆபத்துகளை அவயவம் அவயவமாக எடுத்துக்காட்டி ஒரு சிறு கட்டுரை வரைந்தார். ரீஸ் சொன்னதை உலகம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று என்பதை எண்ணும்போது, நம் ஊர்த் தாய்மார் இன்னும் தயங்குகிறார்களே என்று குறைகூற எனக்கு வாய் வருவதில்லை.

படுத்துக் கிடப்பதால் சரீரத்தில் என்ன நிகழ்கிறது என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மல்லாந்து படுத்தவருக்கு வயிற்றின் பாரம் நெஞ்சை நோக்கி ஏறி நுரையீரலின் அடிப்பகுதியை அமுக்குகிறது. தையல் வலிக்கும் என்று அவரும் மேலோட்டமாகவே மூச்சு விடுகிறார், இருமலை அடக்குகிறார். காற்றுப் போகாத இடம் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது, அங்கே சளி தேங்குகிறது, மூன்றாம் நாள் காய்ச்சல் காண்கிறது. வயிற்று அறுவை செய்துகொண்டவருக்கு நெஞ்சில் நோய் வந்ததே என்று வீட்டார் திகைப்பது இதனால்தான். எழுந்து நின்ற மாத்திரத்திலேயே குடல் கீழிறங்கி உதரவிதானம் விடுபட, மூச்சு ஆழமாகிறது.

இரத்தத்தின் கதை இன்னும் முக்கியமானது. இதயம் கால்வரை தள்ளிவிட்ட இரத்தத்தை மேலே திருப்பிக் கொண்டுவருவதற்கு நம் கெண்டைக்கால் தசைதான் முக்கியமான துணை. ஏற்றத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்தால்தான் கிணற்று நீர் மேலே வரும் என்பதை இங்குள்ள முதியவர்கள் தம் இளமையில் கண்டிருப்பார்கள். காலின் இரத்தமும் அப்படியே நடையால் ஏறுகிறது. நடை நின்றால் இரத்தம் காலில் தேங்கி உறைகிறது, உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் நல்லபடி பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று உயிரிழக்கவும் கூடும். இரத்தம் தேங்குவது, குழாய்ச் சுவர் காயப்படுவது, இரத்தத்தின் உறையும் சுபாவம் மிகுவது என்னும் மூன்று காரணங்களை ஜெர்மானிய அறிஞர் விர்ஹோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சுட்டினார். புற்றுநோய் மூன்றாவதைத் தானே உண்டாக்குகிறது, அறுவை இரண்டாவதைச் சேர்க்கிறது. முதலாவதை நாம் அன்பின் பெயரால் சேர்த்துவிடலாகாது. உறையாதிருக்க ஊசி போடுகிறார்கள், மெய்தான். ஊசி போடுகிறார்கள் என்பதற்காக நடையை நிறுத்தச் சொல்லுகிற டாக்டர் எவரும் இல்லை.

தசையைப் பற்றி ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதுடைய ஐந்து வாலிபர்களை, நோய் நொடி ஏதுமில்லாதவர்களை, மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து, அவர்களுடைய உழைக்கும் சக்தி எவ்வளவு குன்றியது என்று அளந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை குறைத்த சக்தியைக் காட்டிலும் அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று தெரிந்தது! 2007இல் வெளியான வேறோர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுத்திருந்ததில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். நோயற்றவர் கதி இதுவானால், இரைப்பைப் புற்றால் மாதக்கணக்கில் ஆகாரம் இறங்காமல் ஏற்கெனவே எலும்பும் தோலுமாகி வந்த ஒரு விவசாயிக்குப் பத்து நாள் படுக்கை என்ன செய்யும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, அந்தத் தையல். அஞ்சுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆகவே இதைச் சுருக்கிச் சொல்லப் போவதில்லை. வெளியே நீங்கள் காண்பது தோலின் தையல். அது பாரத்தைத் தாங்குவதற்கு இட்டதன்று. அதற்கு உள்ளே, வயிற்றுத் தசைகளை நடுவில் பிணைக்கும் வெண்மையான கெட்டிப் படலம் ஒன்றுண்டு. உறுதியான நூலால், நெருக்கமாக, பல வாரம் வலிமை தாங்கும்படி தைக்கப்படுவது அதுதான். நிதானமாக நடக்கும் ஒருவர் அந்தப் படலத்தின் மீது ஏற்றும் பாரம், அவர் ஒருமுறை பலமாக இருமும்போது ஏறுவதைவிடக் குறைவு. தையல் விட்டுப்போன நோயாளிகளை ஆராய்ந்தால் பெரும்பாலும் காணப்படும் காரணங்கள் வேறு: புண்ணில் சீழ் வைத்தது, உடம்பில் புரதச் சத்து இல்லாதது, கட்டுக்கடங்காத சர்க்கரை, ஓயாத இருமல், வயிறு உப்பிப் புடைத்தது. இவற்றுள் இருமலும் சளியும் படுத்துக் கிடப்பவரையே அதிகம் தேடி வருகின்றன. தையலைக் காப்பதற்காகப் படுத்திருப்பவர், தையலுக்கு மெய்யான சத்துருவைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

சென்ற நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் டென்மார்க்கு தேசத்து ஹென்ரிக் கேலெட், நடை என்பதைத் தனியே எடுத்துப் பேசாமல், வலி குறைத்தல், தேவையற்ற குழாய்களைத் தவிர்த்தல், அறுவைக்கு முன் நீண்ட பட்டினியை ஒழித்தல், சீக்கிரம் ஆகாரம் தருதல், சீக்கிரம் எழுப்புதல் ஆகிய அனைத்தையும் ஒரே ஒழுங்காகத் தொகுத்தார். 1997இல் வெளியான அவருடைய கட்டுரையிலிருந்து கிளைத்த அந்த ஒழுங்குமுறை இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. அதைப் பின்பற்றிய ஐரோப்பிய அறுவை மருத்துவர் குழு, அறுவை நடந்த அன்றே இரண்டு மணி நேரமும், மறுநாள் முதல் தினம் ஆறு மணி நேரமும் நோயாளி கட்டிலை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது. நமக்கு அருகிலுள்ள ஜிப்மரிலேயே, சிறுகுடல் புண் வெடித்து அவசர அறுவைக்கு வந்தவர்களிடம் இந்த முறையை நம் நிலைமைக்கேற்ப மாற்றிப் பரிசோதித்து, ஆஸ்பத்திரியில் தங்கும் காலம் சராசரியாக நான்கு நாளுக்கு மேல் குறைந்ததை 2018இல் வெளியிட்டார்கள். அது புற்றுநோய் அன்று. ஆயினும் நம் ஜனங்களின் உடம்புக்கு இது ஒத்துவருமா என்னும் சந்தேகத்துக்கு அது தக்க பதில். புற்றுநோய்க்கே உரிய சான்று பிரேசில் தேசத்து சாவ் பாவ்லோ நகரிலிருந்து 2017இல் வந்தது. வயிற்றில் பெரும் புற்றுநோய் அறுவை செய்துகொண்ட 108 பேரில் ஒரு பாதியினருக்குத் தினமும் ஒழுங்காக நடைப்பயிற்சி அளித்தார்கள். ஐந்தாம் நாளில், பிறர் துணையின்றி மூன்று மீட்டர் நடக்க இயலாதவர்கள் வழக்கமான பராமரிப்பில் நூற்றுக்கு 39 பேராகவும், பயிற்சி பெற்றவர்களில் 17 பேராகவும் இருந்தார்கள். மூன்று மீட்டர் என்பது கட்டிலிலிருந்து கழிவறை வாசல். அந்தத் தூரத்தைத் தானே கடப்பவரின் மனநிலையும், அதற்கும் ஆள் வேண்டிக் காத்துக் கிடப்பவரின் மனநிலையும் ஒன்றாகா.

மிகைப்படுத்திச் சொல்லி உங்களை இணங்கவைக்க எனக்கு விருப்பமில்லை. "நடந்தால்தான் காற்றுப் பிரியும்" என்று வார்டில் எல்லோரும் சொல்கிறோம். 1990இல் அமெரிக்காவில் குடல் தசையின் மின்னியக்கத்தை நேரே அளந்து பார்த்தவர்கள், நடை மட்டும் குடலை முன்னதாக எழுப்பிவிடவில்லை என்று கண்டார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில், மேற்சொன்ன ஒழுங்குமுறை முழுவதும் ஏற்கெனவே நடைமுறையிலிருந்த ஓர் ஆஸ்பத்திரியில், நடக்க வைப்பதற்கென்றே தனி ஊழியரை நியமித்துப் பார்த்தபோது, நடை மிகுந்ததேயன்றித் தேறுவது அதற்குமேல் துரிதப்படவில்லை. ஆகவே நடை மந்திரமன்று. வலியை அடக்காமல், மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் வேண்டியதற்கு மேல் ஒரு நாளும் இராதபடி கவனியாமல், வயிற்றுக்குப் பசியாற்றாமல், நட நட என்று விரட்டுவது கொடுமை. நம் வார்டுகளிலோ அந்த ஏனைய ஒழுங்குகள் இன்னும் அரைகுறையாகவே இருப்பதால், உறவினர் கையில் இருக்கும் இந்த ஒன்றையாவது நழுவவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

எப்படி எழுப்புவது? முதலில் வலி. மருந்து போட்டு அரை மணியாவது கழித்துத் தொடங்குங்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் வீரம் எதுவும் இல்லை, சிஸ்டரிடம் கேளுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேரே நிமிரச் செய்யாதீர்கள். முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் எழ வேண்டும். இப்படி எழுந்தால் வயிற்றுத் தசை இழுபடாது. எழுந்ததும் சில நிமிடம் உட்கார வையுங்கள். தலை சுற்றுகிறதா, கண் இருளுகிறதா, வியர்க்கிறதா என்று கேளுங்கள். சுற்றினால் படுக்க வைத்துச் சிஸ்டரை அழையுங்கள், அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து இருமச் சொல்லுங்கள். முதல் நாள் கட்டிலருகே நின்றாலும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் போதும். அடுத்த வேளை வார்டின் வாசல், அதற்கடுத்து வராந்தா. ஒரே நீண்ட நடையைவிட, பலமுறை சிறிது நடப்பதே உசிதம். இரத்த அழுத்தம் தாழ்ந்தவர், இரத்தப் போக்கு உள்ளவர், மூச்சுத் திணறுகிறவர் ஆகியோரை டாக்டர் அனுமதியின்றி எழுப்பலாகாது. இதை விலக்காகக் கொள்ளுங்கள், விதியாகக் கொள்ளாதீர்கள்.

நடக்க மறுப்பவர்களில் பலர் மறுப்பது வலியினால் அன்று, வெட்கத்தினால். சிறுநீர்ப் பை ஒரு பக்கம், வயிற்றிலிருந்து வரும் குழாயின் பை ஒரு பக்கம், மலம் வெளியேற வயிற்றில் ஒட்டிய பை இன்னொரு பக்கம் என்று தொங்க, அந்நிய ஆடவர் நடமாடும் வராந்தாவில் ஓர் அம்மாள் எப்படி நடப்பாள்? அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். "தலை சுத்துது, நாளைக்கு நடக்கிறேன்" என்பாள். வீட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துப் போங்கள். சிறுநீர்ப் பையை அதற்குள் வைத்து, இடுப்புக்குக் கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மேலே ஒரு துண்டையோ சால்வையையோ போர்த்தி, பெண்ணுக்குப் பெண் துணையாக நடங்கள். ஆண்களுக்கு வேட்டி இடுப்பில் நில்லாது, அவிழ்ந்து காலில் சிக்கினால் விழுந்துவிடுவார்கள். தளர்ந்த லுங்கியைத் தைத்தோ நாடா கட்டியோ கொடுங்கள். வழுக்கும் செருப்பு வேண்டாம். இவை அற்பமாகத் தோன்றும். மருத்துவச் சுவடிகளில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் ஒரு நோயாளி நடப்பதும் நடவாததும் பல சமயம் இவற்றில்தான் நிற்கிறது.

இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே வயிற்று நோயின் வரலாறு ஒன்று உண்டு. இந்தத் தூங்கானைமாடத் திருக்கோயிலுள்ள ஊரில் அதை நினைவூட்ட வேண்டியதில்லை, ஆயினும் சொல்ல ஆசையாயிருக்கிறது. பாடலிபுத்திரம் என வழங்கிய திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பெரியாராக விளங்கிய தருமசேனர், பின்னாளில் அப்பர் சுவாமிகள் எனப்பட்டவர், சூலை நோயால் துடித்தபோது, தம் தமக்கை திலகவதியாரை வரவழைக்க ஆளனுப்பினார். அவரோ அங்கு வர இசையவில்லை. வேறு வழியின்றித் தருமசேனரே இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து இரவோடிரவாகத் திருவதிகை சேர்ந்தார். தம்பியின் மேல் உயிரையே வைத்திருந்தவர் அந்த அம்மையார். தம்பிக்காகவே உயிர் தரித்திருந்தவர். அத்தகையவர், அடியில் விழுந்த தம்பியைப் படுக்கையிட்டுக் கிடத்தவில்லை. எழச் செய்து, திருநீறு அளித்து, விடியுமுன் திருக்கோயிலுக்குத் தம்முடன் அழைத்துச் சென்றார். அப்பர் சுவாமிகளின் நோய் புற்றுநோய் என்றோ, நடையால் தீர்ந்தது என்றோ நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அது இறைவன் அருளால் தீர்ந்தது. நான் காண்பது திலகவதியாரை. துயருற்றவன் அருகே அமர்ந்து அழுவது மட்டும் அன்பன்று, கைகொடுத்து எழுப்பி உடன் நடப்பதும் அன்பு என்பதை அறிந்த ஒரு பெண்மணியை. எழுந்த அந்தத் தம்பி பின்பு உழவாரப் படை ஏந்தி நாடெங்கும் நடந்ததையும், இந்தப் பெண்ணாடத்துக்கு வந்து சூலமும் இடபமும் தம் தோளில் பொறிக்கப்பெற்றதையும் சேக்கிழார் பெருமான் பாடியிருக்கிறார்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்றுகொண்டு, "எப்படி இருந்த உடம்பு, இப்படி ஆயிடுச்சே" என்று இரங்கினால், நோயாளி அன்று எழமாட்டார். வருகிறவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள். வந்தால் வராந்தா வரை கூட நடந்துவிட்டுப் போங்கள்.

வீடு திரும்பிய பின்னும் இது தொடர வேண்டும். தெருவில் காலையும் மாலையும் நடக்கலாம், படியேறலாம். தண்ணீர்க் குடம், சிமெண்டு மூட்டை, கைப்பிள்ளை ஆகியவற்றைத் தூக்குவது மட்டும் குறைந்தது ஆறு வாரம் ஆகாது. முட்டை, பருப்பு, மீன், தயிர் இவற்றைப் பத்தியம் என்று நிறுத்தி வெறுங் கஞ்சியில் வைத்தால் நடந்து சேர்த்த தசை கரைந்துபோகும். அறுவைக்கு நாள் குறித்த அன்றிலிருந்தே நடக்கத் தொடங்குவது இன்னும் மேல். பலருக்கு அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. பெருங்குடல் புற்றுநோயில், தேவைப்படுகிறவர்களுக்கு அறுவை முடிந்து எட்டு வாரத்துக்குள் மருந்துச் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் பலன் குறைகிறது. படுக்கையிலேயே வாடிக் கிடந்தவரை அந்த மருந்தைத் தாங்கமாட்டார் என்று டாக்டர்கள் தள்ளிவைக்க நேர்கிறது. நடமாடித் தேறியவர் குறித்த காலத்தில் போய் நிற்கிறார்.

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, புண்ணிலிருந்து இளஞ்சிவப்பு நீர் பெருகினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். 108க்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் வரும். அறுவைக்கு முந்திய நாள் டாக்டரைக் காணும்போதே, "எங்க அப்பாவை எப்போ எழுப்பி உட்கார வைக்கலாம், எப்போ நடக்க வைக்கலாம், வலிக்கு என்ன குடுப்பீங்க, குழாயெல்லாம் எப்போ எடுப்பீங்க?" என்று இந்த நான்கையும் கேட்டு, விடையை ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்குத் துணை மாறி வருகிறவரும் அதைப் படித்துக்கொள்ளலாம்.